தப்பைத் தூக்கில் போட்டவள்

போன மாதம் பழைய பொம்மைக் கார்களின் கண்காட்சி ஒன்றுக்குப் போனேன். போயிருக்கவே கூடாது. உள்ளங்கைக்குள் அடங்குகிற உலோகக் கார்களை வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, விளக்குப் போட்டு, "தொடாதீர்கள்" என்று அட்டை வேறு எழுதி வைத்திருந்தார்கள். தரையில் உருட்டி விளையாடச் செய்த சாமானைத் தொடாதே என்கிற புத்திசாலித்தனத்தை எங்கே போய்ச் சொல்ல! சரி, அது அவர்கள் பாடு என்று நகர்ந்தபோதுதான், கூரையில்லாத மஞ்சள் கார் ஒன்றைச் சுற்றி நின்ற கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன்.

மைக் பிடித்திருந்தவர் குரலைத் தாழ்த்தி உருகிக்கொண்டிருந்தார்.

"இந்தக் காரோட ஸ்டீயரிங் பக்கம் மாறியிருக்கு, பார்த்தீங்களா? இதோட அச்சைக் குடைஞ்சது ஒரு பெண் தொழிலாளி. அந்தச் சமயம் அவங்க குழந்தை சாகக் கிடந்துச்சாம். கண்ணுல தண்ணி மறைக்க மறைக்க வேலை பார்த்திருக்காங்க. இது தப்பு இல்லைங்க, ஒரு தாயோட கண்ணீர்!"

கூட்டம் "அடப் பாவமே" என்றது. ஒரு அம்மாள் கைக்குட்டையைத் தேடினார்.

சாகக் கிடந்த அந்தக் குழந்தை நான்தான். எனக்கு வந்திருந்தது பொன்னுக்கு வீங்கி. இரண்டு கன்னமும் உப்பி, கஞ்சி வேண்டாம், பிஸ்கட்தான் வேண்டும் என்று வீட்டை ரகளை செய்துகொண்டிருந்தேனே தவிர, சாகிற உத்தேசம் எதுவும் எனக்கு இருக்கவில்லை. அங்கேயே கையைத் தூக்கி, "ஐயா, நீங்க சொல்றது சுத்தப் பொய்" என்றேன். "கேள்வியெல்லாம் கடைசியில எடுத்துக்கலாம், மேடம்" என்று சிரித்தார். கடைசி வரை நிற்கிற பொறுமை எனக்குக் கிடையாது, எங்கள் வீட்டில் யாருக்குமே கிடையாது. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கண்ணீரை என் அம்மா தலையில் கட்டப் பார்த்தார்கள். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. அதுதான் விஷயம்.

அந்தக் கம்பெனி ஆரம்பத்தில் கார் செய்யவில்லை. பெல்ட் கொக்கியும் கோட்டுப் பொத்தானும் வார்த்துக்கொண்டிருந்தது. பெரிய முதலாளி, மிச்சமாகிற ஈயத்தை வீணாக்குவானேன் என்று சின்னச் சின்னச் சிப்பாய்களையும் வண்டிகளையும் வார்த்து, பொத்தான் வாங்க வருகிற கடைக்காரர்களுக்கு இனாமாகக் கொடுத்தார். கடைக்காரர்கள் பொத்தானை மறந்துவிட்டு வண்டியைக் கேட்டார்கள். ஈயம் மெத்தென்று இருக்கும். குழந்தை கடித்தால் பல் பதியும், உடம்புக்கும் ஆகாது. பிறகு துத்தநாகக் கலவை வந்தது. அதை உருக்கி, அழுத்தமாக டைக்குள் செலுத்தினால், ஆறின மறுநிமிஷம் கார் கெட்டியாக வெளியே வந்து விழும். டை என்பது ஒன்றோடொன்று சேர்ந்து மூடிக்கொள்ளும் இரண்டு எஃகுக் கட்டிகள். காரின் உருவம் அதற்குள் பள்ளமாகக் குடைந்திருக்கும். டை நன்றாக இருந்தால் கார் நன்றாக இருக்கும். டையில் ஒரு கீறல் விழுந்தால் ஆயிரம் காரிலும் அந்தக் கீறல் இருக்கும்.

முதலில் வந்த கார்களுக்குள் ஒன்றுமே கிடையாது. வெறும் ஓடு. ஜன்னல் என்று சொன்ன இடத்தில் ஓட்டை. அடியில் தகடு, தகட்டுக்கு மேலே இருசுக் கம்பி, கம்பியின் இரண்டு முனையிலும் சக்கரம், அவ்வளவுதான். போட்டிக் கம்பெனி ஒன்று ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் கண்ணாடி வைத்ததும் இவர்களும் வைத்தார்கள். கண்ணாடி வைத்த பிறகுதான் உள்ளே எட்டிப் பார்த்த பிள்ளைகள், "சீட் எங்கே?" என்று கேட்டார்கள். சீட் வந்தது. சீட்டைத் தொடர்ந்து ஸ்டீயரிங் வந்தது. கதவு திறந்தது. ஸ்டீயரிங்கே இல்லாத காரில் ஸ்டீயரிங்கைத் தப்பாக வைக்க யாராலும் முடியாது. அது வந்த பிறகுதான் அம்மாவுக்குச் சிக்கலும் வந்தது.

அம்மா அங்கே சேர்ந்தது பெயிண்ட் பிரிவில். பெண்களெல்லாம் அங்கேதான். நீளமான மேஜையில் வரிசையாக உட்கார்ந்து, மெல்லிய பிரஷ்ஷால் முன்விளக்குக்கு வெள்ளியும் பின்விளக்குக்குச் சிவப்பும் வைக்க வேண்டும். என் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, பக்கத்து நாற்காலி. அவள் மூலமாகத்தான் அம்மாவுக்கு அப்பாவோடு சம்பந்தமே பேசி முடிந்தது. அத்தை வாயும் ஓயாது, கையும் ஓயாது. அம்மாவுக்கோ ஒரே குறை: விளக்குக்கு விளிம்பு சரியில்லை, பெயிண்ட் வழிகிறது. வழிந்தால் திட்டு விழுவது பெயிண்ட் அடித்தவளுக்கு. டையைச் சரியாகக் குடையாதவனை யாரும் கேட்பதில்லை. அம்மா கேட்டாள். வழிந்த காரை எடுத்துக்கொண்டு நேரே டை குடைகிற டூல் ரூமுக்குப் போய் மேஸ்திரியின் பெஞ்சில் வைத்தாள். திரும்பத் திரும்பப் போய் வைத்தாள். ஒரு நாள் மேஸ்திரி பொறுக்க முடியாமல் கத்தினார்.

"அவ்வளவு தெரிஞ்சவளா இருந்தா நீயே வந்து குடையேன்மா!"

அவர் வாய்ச்சவடாலாகச் சொன்னதை அம்மா உத்தரவாக எடுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் டூல் ரூம் வாசலில் நின்றாள். "என்ன?" என்றார் மேஸ்திரி. "வரச் சொன்னீங்களே" என்றாள். மேஸ்திரியிடம் ஒரு குணம். வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்துவிட்டால் தலைபோனாலும் திரும்ப வாங்க மாட்டார். அந்தக் குணத்துக்காக அன்றைக்கு அவர் தன்னையே நொந்துகொண்டிருப்பார். மூலையில் கிடந்த ஆட்டம் காண்கிற பெஞ்சைக் காட்டினார். அம்மா அதன் காலுக்கு அட்டையை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஒரு வருஷம் பழைய டைகளைத் தேய்த்துப் பளபளப்பாக்குகிற வேலை, பிறகு விளக்கு, பிறகு கதவுக் கோடு, பிறகு முழு டை என்று படிப்படியாக வந்தது. ஆண்கள் அவளுக்கு வைத்த பெயர் "அரம்". கையில் அரம் பிடித்ததால் மட்டும் அல்ல, அவள் வாய்க்கும் சேர்த்துத்தான் அந்தப் பெயர்.

அந்த டூல் ரூமில் ஒரு வழக்கம் இருந்தது. பெரிய முதலாளி காலத்திலிருந்து வந்தது. ஒவ்வொருவரும் முதன்முதலாகச் செய்கிற பெரிய தப்பு எந்தக் காரில் வந்ததோ, அந்தக் காரைப் பித்தளைக் கம்பியில் கட்டி அவரவர் பெஞ்சுக்கு மேலே தொங்கவிடுவார்கள். "தப்பைத் தூக்குல போடுறது" என்று பெயர். தூக்கில் போடுவது மேஸ்திரியின் வேலை. போட்ட பிறகு அந்தத் தப்பைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது. கேலி, குத்தல், ஜாடை எதுவும் கூடாது. அது செத்துப்போன தப்பு. பக்கத்து பெஞ்சுக்காரருக்கு மேலே, ஒரு பக்கம் சக்கரத்துக்கு வளைவு வைக்க மறந்துபோன வேன் ஆடிக்கொண்டிருந்தது. மேஸ்திரிக்கு மேலேயே, கதவுக் கைப்பிடி கீல் பக்கம் வந்த ஒரு லாரி. அம்மாவின் பெஞ்சுக்கு மேலே மட்டும் வெறும் ஆணி.

இப்போது மஞ்சள் காருக்கு வருவோம். சீட், டாஷ்போர்டு, ஸ்டீயரிங் எல்லாம் சேர்ந்த உள்தட்டுக்கான டையைக் குடையும் வேலை அம்மாவுக்கு வந்தது. கூரையில்லாத கார் என்பதால் உள்தட்டுத்தான் அதற்கு முகம் மாதிரி.

எஃகில் குடைகிறவர்களுக்கு ஒரு மூளைப் பழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும் மனசுக்குள் திருப்பிப் போட்டுக்கொள்வார்கள். காரில் மேடு வேண்டுமென்றால் டையில் பள்ளம். காரில் வலது பக்கம் வர வேண்டியது டையில் இடது பக்கம். ரப்பர் ஸ்டாம்பைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். படம் வரைகிறவர் காரை நேராக வரைந்து கொடுப்பார், திருப்புவது குடைகிறவர் பொறுப்பு. அந்த ஒரு தடவை மட்டும், உதவி செய்கிறேன் பேர்வழி என்று, அவரே திருப்பி வரைந்துவிட்டார். ஓரத்தில் அதைக் குறிப்பாகவும் எழுதியிருந்தார். அம்மா அந்தக் குறிப்பைப் படிக்கவில்லை. வழக்கம்போலத் திருப்பினாள். திருப்பினதைத் திருப்பினால் என்ன ஆகும்? ஓட்டுகிறவர் உட்கார வேண்டிய இடத்தில் பக்கத்து சீட்டுக்காரர் உட்கார வேண்டியதாயிற்று.

குறிப்பைப் படிக்காதது அம்மாவின் தப்பு. அதை நான் மறைக்கப்போவதில்லை, அவளும் ஒருநாளும் மறைத்ததில்லை. ஆனால் முதல் மாதிரி வார்த்து வந்தபோது மேஸ்திரி பார்த்தார், படம் வரைந்தவர் பார்த்தார், பெரிய முதலாளிக்குப் பிறகு கம்பெனியை நடத்திய அவர் மகன் சின்ன முதலாளி கையில் வாங்கி, "ஆகா, என்ன பளபளப்பு!" என்று ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒருவர் கண்ணிலும் படவில்லை. கார் கடைக்குப் போன பிறகு, தன் மகளுக்கு வாங்கின ஒரு பஸ் டிரைவர்தான் கடைக்காரரிடம் கேட்டாராம்: "ஏங்க, இதை யாரு ஓட்டுறது? பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவரா?" கடைக்காரர் அடுத்த கடைக்காரரிடம் சொன்னார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பெட்டி பெட்டியாகக் கார் திரும்பி வந்தது.

சின்ன முதலாளி அம்மாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஸ்திரியும் போனார். அந்த அறையில் நடந்ததை அம்மா எங்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள், ஒரு தடவைகூட ஒரு வார்த்தை மாறினதில்லை.

"உங்க குழந்தைக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சுன்னு கேள்விப்பட்டேன்" என்று ஆரம்பித்தார் சின்ன முதலாளி. குரலில் தேன் சொட்டியது.

"பொன்னுக்கு வீங்கி, முதலாளி. அது அப்பவே வத்திருச்சு."

"அந்தக் கவலையில வேலை பார்த்திருக்கீங்க. மனசு ஒரு நிலையில இருந்திருக்காது. அப்படித்தானே?"

"இல்லைங்க."

"தாய் மனசு எனக்குப் புரியாதாம்மா? குழந்தை அங்கே படுத்துக் கிடக்கும்போது..."

"பொன்னுக்கு வீங்கி என் பொண்ணுக்குத்தான் வந்துச்சு, முதலாளி. எனக்கு வரலை."

மேஸ்திரிக்குத் திடீரென்று இருமல் வந்தது. சின்ன முதலாளி அதைக் கவனிக்காத மாதிரி மேலே பேசினார். கடைக்காரர்கள் சிரிக்கிறார்கள். கம்பெனி முட்டாள்தனம் செய்துவிட்டது என்று பேச்சு. ஆனால் பாவப்பட்ட ஒரு தாய், நோயாளிக் குழந்தை என்று ஒரு கதை சொன்னால் சிரிக்கிற வாய் மூடிக்கொள்ளும். ஒரு பத்திரிகைக்காரர் எழுதக்கூடத் தயார். அம்மா செய்ய வேண்டியதெல்லாம் ஆமாம் என்று தலையாட்டுவதுதான். வேலை போகாது. சம்பளம் குறையாது. பழையபடி பெயிண்ட் பிரிவுக்குப் போய்விடலாம்.

"பெயிண்ட் பிரிவுக்கு ஏன் போகணும்?" என்றாள் அம்மா.

"பின்னே? மனசு கலங்குறவங்களை டையில வைக்க முடியுமா? நாளைக்கு மறுபடி குழந்தைக்கு ஏதாவதுன்னா?"

அம்மாவுக்கு அப்போதுதான் முழுசாக விளங்கிற்று. ஆடு நனைகிறதே என்று ஓநாய் எதற்கு அழும் என்று. ஆமாம் என்று சொன்ன அந்த நிமிஷமே அவள் டூல் ரூமுக்கு ஆகாதவள். அவள் மட்டும் அல்ல, நாளைக்கு எந்தப் பெண் அந்தப் பெஞ்சைக் கேட்டாலும் குழந்தை இருக்கிறதா என்றுதான் முதல் கேள்வி வரும்.

"முதலாளி, நான் குறிப்பைப் படிக்கலை. அதுதான் தப்பு. வேற ஒண்ணும் இல்லை. டூல் ரூம்ல தப்பு பண்ணாத ஆள் யாராவது இருக்காங்களா? ஆம்பளை பண்ணினா, ஆனைக்கும் அடி சறுக்கும்னு சொல்றீங்க. நான் பண்ணினா பொம்பளை புத்தி பின்புத்தியா? அவங்க தப்பையெல்லாம் தூக்குல போட்டீங்க இல்லை? என்னுதையும் போடச் சொல்லுங்க. டையை நானே திரும்பக் குடைஞ்சு தர்றேன்."

சின்ன முதலாளியின் தேன் வற்றிவிட்டது. தான் அடுத்த வாரம் டூல் ரூமுக்கு வரும்போது அம்மாவை அங்கே பார்க்கக் கூடாது, பெயிண்ட் பிரிவில் இருந்தால் வேலை இருக்கும், இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிட்டார். வெளியே வரும்போது அம்மா மேஸ்திரியைப் பார்த்தாள். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

வீட்டில் அன்றைக்கு ஒரே அமளி. எங்கள் வீடு இரண்டு அறை. முன்னறையில் அப்பாவின் தையல் மெஷின், பின்னறையில் மற்ற எல்லாம். அப்பாவின் தையல் வாடகைக்குப் போகும்; மற்றதெல்லாம் அம்மா சம்பளத்தில்தான் நடந்தது. அத்தை வேலை முடிந்ததும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"ஏன் அண்ணி, ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில இருந்து முத்தா உதிர்ந்துடும்? சொல்லிட்டு வந்துடுங்க. நாம பழையபடி பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து பேசிக்கிட்டே வேலை பார்க்கலாம்."

"நீ பேசின பேச்சுக்குப் பயந்துதானே நான் அங்கேயிருந்தே ஓடினேன்" என்றாள் அம்மா.

"சிரிக்காதீங்க. வேலை போச்சுன்னா என்ன பண்ணுவீங்க? எங்கண்ணன் ஊசியை நம்பியா குடும்பம் நடக்குது?"

அப்பா மெஷினை நிறுத்தினார். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. "ஒரு தடவை ஒருத்தர் சட்டைக்கு ரெண்டு பக்கமும் இடது கையா வெச்சுத் தைச்சுட்டேன்" என்றார். "எங்கம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னா சொன்னேன்? தப்புன்னேன். வேற துணி எடுத்துத் தைச்சுக் குடுத்தேன்."

"ரெண்டு தடவை" என்றாள் அம்மா.

"என்ன ரெண்டு தடவை?"

"அப்படி ரெண்டு தடவை தைச்சீங்க."

"சரி, ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் நான்தான் தைச்சேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி மெஷினை மிதிக்க ஆரம்பித்தார்.

அத்தைக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அம்மாவிடம் செல்லுபடியாகாததை என்னிடம் காட்டினாள். பின்னறையில் தூங்கப் பாயில் படுத்திருந்த என் பக்கத்தில் வந்து, "எல்லாம் உன்னாலதான்டி. உன் காய்ச்சல்தான் உங்கம்மா வேலைக்கு உலை வெச்சிருச்சு" என்று முணுமுணுத்துவிட்டுப் போனாள். அத்தை கெட்டவள் இல்லை; பயந்தவள். ஆனால் அதற்குப் பிறகு பிஸ்கட் கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. நான் படுக்காமல் இருந்திருந்தால் அம்மா வேலை பத்திரமாக இருந்திருக்கும் என்று முழுசாக நம்பினேன்.

அம்மா பெயிண்ட் பிரிவுக்குப் போகவில்லை. தினமும் டூல் ரூமுக்கே போய்த் தன் பெஞ்சில் உட்கார்ந்தாள். மேஸ்திரி அவளுக்கு வேலை எதுவும் கொடுக்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை. கட்டர்களைத் தீட்டினாள். தீட்டினதையே மறுபடி தீட்டினாள். அரங்களைத் துடைத்து அளவு வாரியாக அடுக்கினாள், கலைத்துவிட்டு மறுபடி அடுக்கினாள். வேலை தெரிந்தவளை வேலை இல்லாமல் உட்கார வைப்பது போன்ற தண்டனை வேறு இல்லை. ஆண்கள் அவள் பக்கம் பார்க்காமல் நடக்கப் பழகிக்கொண்டார்கள். சாப்பாட்டு வேளையில் பெயிண்ட் பிரிவுப் பெண்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களில் சிலர் பாவம் என்றார்கள், சிலர் திமிர் என்றார்கள்.

சின்ன முதலாளி வருகிற நாள் வந்தது. அம்மா காலையில் முதல் ஆளாகப் போய், திரும்பி வந்த பெட்டிகளில் ஒன்றைத் திறந்து ஒரு மஞ்சள் காரை எடுத்தாள். பித்தளைக் கம்பியை வெட்டி, முன் இருசிலும் பின் இருசிலும் முறுக்கினாள். எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகு, அத்தனை பேர் முன்னாலும், முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள்.

"இறங்கும்மா" என்றார் மேஸ்திரி.

"இது உங்க வேலை. நீங்க செய்யலை. நானே செஞ்சுக்கிறேன்."

"அது டூல் ரூம் ஆளுங்களுக்குத்தான்."

அம்மா முக்காலி மேல் நின்றபடியே திரும்பினாள்.

"அப்போ நான் யாரு, மேஸ்திரி?"

அரம் தேய்க்கிற சத்தங்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"சொல்லுங்க. பெயிண்ட் அடிக்கிற ஒருத்தியைக் கூப்பிட்டு அந்தப் படத்தைக் குடுத்துக் குடையச் சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்? திருப்பணும்னே அவளுக்குத் தெரியாது. படத்துல இருக்குறபடியே குடைஞ்சிருப்பா. கார் சரியா வந்திருக்கும்! திருப்பித் திருப்பிப் பழகின கைக்குத்தான் இந்தத் தப்பு வரும். எனக்கு வந்துச்சு. உங்க கையில அந்தப் படம் வந்திருந்தா உங்களுக்கும் வந்திருக்கும். கண்ணீராம், தாய் மனசாம்! கண்ணுல தண்ணி வெச்சுக்கிட்டு அந்த ஸ்டீயரிங்கைக் குடைய முடியுமான்னு நீங்களே சொல்லுங்க. முடி அகலம்கூட இல்லை அதோட வளையக் கனம். எவ்வளவு சுத்தமா வந்திருக்கு பாருங்க. பக்கம்தான் தப்பு, வேலை தப்பு இல்லை."

சொல்லிவிட்டு ஆணியில் மாட்டினாள். கார் இரண்டு சுற்று சுற்றிவிட்டு நின்றது. இறங்கி முக்காலியை அதன் இடத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். கையில் ஒரு அரத்தை எடுத்துக்கொண்டாள். பக்கத்து பெஞ்சுக்காரர்தான் முதலில் தன் வேலையை மறுபடி ஆரம்பித்தார். மேஸ்திரி நின்ற இடத்திலேயே நின்றார்.

கொஞ்ச நேரத்தில் சின்ன முதலாளி உள்ளே வந்தார். நேரே அம்மாவின் பெஞ்சுக்கு வந்து நின்றார்.

"என்னம்மா, இன்னும் இங்கேதான் இருக்கீங்களா? நான் அவ்வளவு சொல்லியும்... அந்த ஸ்டீயரிங் விஷயத்துல உங்க முடிவு என்ன?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"முதலாளி."

மேஸ்திரிதான். சின்ன முதலாளி திரும்பினார்.

"அது தூக்குல போட்டாச்சு, முதலாளி. இனி அதைப் பத்தி இங்கே பேசுறதில்லை."

சின்ன முதலாளி நிமிர்ந்து பார்த்தார். மஞ்சள் கார் அவர் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"யாரு போட்டது?"

மேஸ்திரி அம்மாவைப் பார்த்தார். முக்காலியைப் பார்த்தார். பிறகு அறையில் இருந்த ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார்.

"டூல் ரூம் போட்டுச்சு" என்றார். "உங்கப்பா காலத்து வழக்கம். உங்கப்பாவே வாசல்ல நின்னுக்கிட்டு, 'பேசலாமா?'ன்னு கேட்டுட்டுத்தான் பேசுவார்."

சின்ன முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஒரு அரம்கூட ஓடவில்லை. எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரையும் பெயிண்ட் பிரிவுக்கு மாற்ற முடியாது என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். "அந்த டை சீக்கிரம் சரியாகணும்" என்று பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு வெளியே போனார். போனவர் கடைக்காரர்களிடமும் பத்திரிகைக்காரரிடமும் அந்தக் கண்ணீர்க் கதையைச் சொல்லாமல் விடவில்லை. அதைத்தான் இன்றைக்கு மைக் பிடித்தவர் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறார்.

மேஸ்திரி அந்தப் பழைய படத்தைக் கொண்டுவந்து அம்மாவின் பெஞ்சில் விரித்தார். பாராட்டு, சமாதானம், மன்னிப்பு ஒன்றும் இல்லை.

"இந்தத் தடவை குறிப்பைப் படி" என்றார்.

"படிக்கிறேன்."

"படிச்சுட்டுத் திருப்பாதே."

அவ்வளவுதான். அம்மா அந்த டையைத் திரும்பக் குடைந்தாள். அதற்குப் பிறகு ஏணி நீளுகிற தீயணைப்பு வண்டி, கதவு மடங்குகிற பஸ், பின்பக்கம் தூக்கிக் கொட்டுகிற லாரி என்று எத்தனையோ டைகள் அவள் கையால் வந்தன. ஓய்வு பெறும் நாள் வரை அந்த அட்டை மடித்து வைத்த பெஞ்சில்தான் இருந்தாள். பெயிண்ட் பிரிவிலிருந்து இன்னும் சில பெண்கள் டூல் ரூமுக்கு வந்தார்கள், அவர்களும் தப்பு செய்தார்கள், அவர்கள் தப்பையும் மேஸ்திரி தூக்கில் போட்டார். குழந்தை இருக்கிறதா என்று ஒருவரையும் கேட்கவில்லை.

ஆனால் அந்த முக்காலி ஏறின நாள் சாயங்காலம் நடந்ததைச் சொல்லாமல் என்னால் முடிக்க முடியாது. அம்மா வீட்டுக்கு வந்து, நடந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பா மெஷினையே மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் சுவரோரம் ஒட்டிக்கொண்டு நின்றேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"உனக்கென்னடி? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? மறுபடி வீங்குதா?" என்றாள்.

"எல்லாம் என்னாலதானேம்மா?" என்றேன். என்றதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "எனக்குக் காய்ச்சல் வந்ததாலதானே உனக்குத் தப்பு வந்துச்சு?"

அம்மாவின் சிரிப்பு நின்றது. யார் சொன்னது என்று கேட்கவில்லை, அவளுக்குத் தெரியும். என்னை இழுத்து முன்னால் நிறுத்தி, என் இரண்டு கன்னத்தையும் காய்த்துப்போன கைகளால் பிடித்தாள். எஃகுத் தூள் வாசனை வந்தது. முதலாளியிடம் பேசின அதே குரலில்தான் என்னிடமும் பேசினாள்.

"இங்கே பாரு. பெயிண்ட் பிரிவுல இருந்து சண்டை போட்டு வெளியே வந்து, வருஷக்கணக்கா அரம் தேய்ச்சு, கையெல்லாம் காய்ச்சு, அதுக்கப்புறம்தான் அந்தத் தப்பைப் பண்ற யோக்கியதையே எனக்கு வந்துச்சு. கஷ்டப்பட்டுச் சம்பாதிச்ச தப்புடி அது. முதலாளி கேட்டே குடுக்கலை, உனக்குக் குடுப்பேனா? வேணும்னா நீயும் போய் ஒரு வேலை கத்துக்கிட்டு, உனக்குன்னு ஒண்ணு பண்ணிக்கோ."